பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பது என் வேலை. சாரணர் படையைப் பார்த்துக்கொள்வது கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கோடை விடுமுறை நெருங்கினால் பெற்றோர், புதிதாகப் படை தொடங்கும் ஆசிரியர்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். முகாமைப் பற்றி நம் கைக்குக் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவற்றை அப்படியே நம் ஊர் மே மாதத்தில் பின்பற்றினால் பணமும் போகும், பிள்ளையும் வதங்கிவிடும். கீழே உள்ளதெல்லாம் தமிழ்நாட்டுக் காற்றையும் மண்ணையும் மனதில் வைத்து எழுதியது.

எந்த வயதில் தொடங்கலாம்? முதல் முகாம் எங்கே?

பத்து வயதில் தொடங்கலாம். முதல் முகாம் உங்கள் வீட்டு மொட்டை மாடி.

கிண்டல் செய்யவில்லை. 1907-ல் பேடன் பவல் என்ற ஆங்கிலப் படைத்தளபதி இருபது பையன்களை இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு அழைத்துப் போய் முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்தின் தொடக்கமே அதுதான் என்பார்கள். அங்கே பையன்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு தலைவனைப் போட்டார். அந்த ஏற்பாடு மொட்டை மாடியிலும் நடக்கும். நான்கு பிள்ளைகள், ஒரு அணித்தலைவர், ஒரு பாய், ஒரு கொசுவலை, ஒரு டார்ச். மாடியில் என்ன லாபம் என்றால், மறந்துபோனது எதுவானாலும் படியிறங்கி எடுத்து வரலாம். ஆனால் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காலையில் அந்த நோட்டைப் பார்த்தால் அடுத்த முகாமுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும் என்ற பட்டியல் தானாகவே தயாராக இருக்கும். எங்கள் பிள்ளைகள் நோட்டில் மூன்றாவது வரி எப்போதும் "தலையணை". இரண்டாவது முகாமில் அது காணாமல் போய்விடும், மடித்த சட்டையே போதும் என்று தெரிந்துவிடுகிறது.

மாடிக்கு அப்புறம் பள்ளி மைதானம், அதற்கப்புறம் தெரிந்தவர் தோப்பு. மலையெல்லாம் நான்காவதுதான்.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போடலாமா?

கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு மலையேற்றத்துக்குத் திறந்துவிட்டது. முன்பதிவு செய்துகொண்டு போகலாம். காட்டுத்தீ காலத்தில் அவற்றையும் மூடிவிடுவார்கள். அப்போது "ஒரு நாள்தானே" என்று யாரையும் கெஞ்ச வேண்டாம்.

பிள்ளைகளோடு இரவு தங்க நான் தேர்ந்தெடுப்பது தனியார் தோப்பு, எஸ்டேட், சாரணர் பயிற்சி மைதானம் இவற்றில் ஒன்றைத்தான். சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிணற்றுக்கு மூடியும் கைப்பிடிச் சுவரும் இருக்கிறதா என்று பகலில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். பாம்பைவிட எனக்குப் பயம் தரைக்கிணற்றின் மேல்தான்.

கூடாரம் வாங்குவதா, வேண்டாமா? வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் வருடம் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல தார்ப்பாய் ஒன்று, கயிறு, கொசுவலை வாங்கினால் மிச்சமும் இருக்கும்.

காரணம் எளிது. கடையில் கிடைக்கும் கூடாரங்களில் பல, உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கிற மாதிரி தைக்கப்பட்டவை. பனி பெய்யும் ஊரில் அது வரம். சமவெளியில், காற்றே அசையாத ஒரு மே மாத இரவில் நான்கு பிள்ளைகளை அதற்குள் படுக்க வைத்துப் பாருங்கள், பத்து மணிக்கு எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்திருப்பார்கள். தார்ப்பாயை நான்கு பக்கமும் திறந்தபடி உயரமாகக் கட்டி, அடியில் கொசுவலை தொங்கவிட்டால் காற்றும் வரும், மழையும் வராது.

சரி, வாங்கியே தீர வேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை: சுவரில் பெரிய வலை ஜன்னல்கள் இருக்க வேண்டும். மேலே போர்த்தும் மழைத்துணி தனியாக இருக்க வேண்டும், தரை வரைக்கும் இறங்க வேண்டும். தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் உட்கார்ந்திருப்பது வடகிழக்குப் பருவமழைச் சாரலுக்குத் தாங்காது. நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 2000-க்குக் குறைந்ததை நான் வாங்குவதில்லை. "நான்கு பேர் கூடாரம்" என்று அட்டையில் இருந்தால், பையோடு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு முளைகள் தனியாக வாங்கிவிடுங்கள். கூட வரும் கம்பி முளைகள் செம்மண் காய்ந்த தரையில் முதல் அடியிலேயே வளைந்துவிடும்.

காலையில் உள்பக்கத் துணி நனைந்திருந்தால் ஓட்டை என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அது பிள்ளைகளின் மூச்சுக்காற்று. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பாதி குறையும்.

தார்ப்பாயை எப்படிக் கட்டுவது? ஓரத்து வளையங்கள் பிய்ந்துவிடுகின்றனவே?

இதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் நல்லது. தெருவில் கல்யாணப் பந்தல் போடுகிறவர்கள், சவுக்கு மரத்தில் சாரம் கட்டுகிறவர்கள், லாரியில் வைக்கோல் பாரம் கட்டுகிறவர்கள், இந்த மூவரும் எந்தச் சாரணப் புத்தகத்தைவிடவும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். "அண்ணே, கொஞ்சம் மெதுவாகக் கட்டிக் காட்டுங்கள்" என்று பிள்ளைகள் கேட்டால் மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

வளையம் பிய்ந்தால் கவலை வேண்டாம். கோலிக்குண்டு அளவுள்ள வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாயின் ஓரத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி அடிப்பக்கம் வையுங்கள். மேலிருந்து பாயோடு சேர்த்துக் கல்லைப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். பொத்தான் மாதிரி ஆகிவிடும். இழுக்க இழுக்க இறுகுமே தவிரக் கிழியாது. கூரான ஜல்லிக்கல் வேண்டாம், அது பாயைக் குத்திவிடும்.

கயிற்றை இறுக்குவதற்கு லாரிக்காரர் முடிச்சு. கயிற்றின் ஒரு முனையைப் பாயில் கட்டியாகிவிட்டது. நடுவில் ஒரு சிறு கண்ணி போட்டுக்கொள்ளுங்கள். மறு முனையை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, முளைப் பக்கமாகவே திருப்பி இழுங்கள். கிணற்றுக் கப்பி செய்கிற வேலையை அந்தக் கண்ணி செய்கிறது. பத்து வயதுப் பிள்ளை இழுத்தாலே கயிறு வீணைத் தந்தி போல நிற்கும். இறுகியதும் கண்ணிக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சு. முளையைச் செங்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்குமாறு அடியுங்கள்.

மேல்பாய் தட்டையாக இருந்தால் மழைநீர் குளம் கட்டி, பாரம் தாங்காமல் நள்ளிரவில் எல்லோர் தலையிலும் கொட்டும். ஒரு பக்கத்தைக் கட்டாயம் தாழ்த்துங்கள்.

எத்தனை முடிச்சுகள் கற்றுத்தர வேண்டும்?

ஐந்து போதும். புத்தகத்தில் இருக்கிற அத்தனையும் சொல்லிக்கொடுத்து, ஒன்றுகூட இருட்டில் கட்டத் தெரியாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரீஃப் நாட் காயத்துக்குத் துணி கட்ட. தட்டையாக இருப்பதால் உறுத்தாது. வலது மேல் இடது, அப்புறம் இடது மேல் வலது. பாரம் தூக்கும் கயிறுகளை இதைப் போட்டு இணைக்கக் கூடாது, நழுவும். தடித்த கயிறோடு மெல்லிய கயிறை இணைக்க ஷீட் பெண்ட். கம்பத்தில் கட்டத் தொடங்க க்ளோவ் ஹிச். சுருங்காத கண்ணிக்குப் போலைன். ஐந்தாவது, மேலே சொன்ன லாரிக்காரர் முடிச்சு.

இவை வந்துவிட்டால் இரண்டு கம்பங்களைக் குறுக்கே சேர்த்துக் கட்டும் சதுரக் கட்டு. க்ளோவ் ஹிச்சில் தொடங்கி, இரு கம்பங்களையும் மேலும் கீழுமாக மூன்று சுற்று. அப்புறம் கம்பங்களுக்கு நடுவே, போட்ட சுற்றுகளின் கழுத்தை நெரிக்கிற மாதிரி இரண்டு சுற்று. க்ளோவ் ஹிச்சில் முடிவு. அந்தக் கழுத்து நெரிக்கும் சுற்றுதான் உயிர். பிள்ளைகள் அதைத்தான் சோம்பேறித்தனமாக விடுவார்கள், தட்டு வைக்கும் பரண் அன்று மாலையே சாய்ந்துவிடும். ஆங்கிலத்தில் "கட்டமரான்" என்று சொல்கிறார்களே, அது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். ஆணியில்லாமல் கயிற்றால் மட்டும் மரத்தைக் கட்டிக் கடலில் விட்டவர்கள் நாம் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த தடவை நன்றாக இழுத்துக் கட்டுவார்கள்.

கயிறு எது? பழகுவதற்குப் பருத்திக் கயிறு அல்லது தேங்காய் நார்க் கயிறு. நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது.

"சார், பாம்பு வந்தா?"

ஒவ்வொரு முகாமிலும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நம் ஊரில் அதிகம் ஆபத்தானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முகாமில் எனக்குக் கவலை தருவது கட்டுவிரியன். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர் பக்கத்தில் வந்துவிடும். கடித்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், சில சமயம் தடம்கூடத் தெரியாது. அதிகாலையில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது, கண் இமை திறக்க மாட்டேன் என்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் "அஜீரணம்" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை.

தடுப்பது எளிது. கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுக்க வேண்டும். பாதிப் பயம் அதோடு போய்விடும். இரவில் வலையை விட்டு இறங்கும்போது டார்ச், செருப்பு. ஷூவை உதறிவிட்டுத்தான் காலை விட வேண்டும். விறகுக் குவியல், கல் குவியல், எலி வளை பக்கத்தில் படுக்கை போடாதீர்கள். சோற்றுப் பருக்கை சிந்தினால் எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும்.

கடித்துவிட்டால்: கயிற்றால் இறுக்கிக் கட்டுப்போடக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108-ஐ அழையுங்கள். எந்தப் பாம்பு என்று தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை, இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. மாமல்லபுரம் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். பயம் மரியாதையாக மாறிவிடும்.

முகாம் கிளம்பும் முன் ஒரு வேலை: விஷமுறிவு மருந்து இருக்கிற அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, எத்தனை நிமிட தூரம் என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் தேவையா?

சமவெளிக்குத் தேவையில்லை. ஒரு பவானி ஜமுக்காளம், ஒரு போர்வை போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்று ஒரு கணக்கு. நாமக்கல்லில் வியர்த்துக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள் கொல்லிமலை மேலே போய் டிசம்பர் இரவில் பல் கிட்டிப் போவது இதனால்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளிர்காலத்தில் புல்வெளியில் உறைபனி படியும். அங்கே மட்டும் ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுங்கள்.

மேலே எத்தனை போர்வை போட்டாலும் குளிர்கிறது என்று பிள்ளை சொன்னால், கீழே பாருங்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சுகிறது. இன்னொரு கோரைப்பாய், அதுவும் இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் போட்டால் சரியாகும். நனைந்த பருத்திச் சட்டையோடு படுக்கவிடாதீர்கள்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுக்கிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். இது கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளே சமைக்க முடியுமா? என்ன சமைப்பது?

முடியும், சமைக்கத்தான் வேண்டும். முதல் நாள் உப்புமா, இரண்டாம் நாள் எலுமிச்சைச் சாதம், அப்புறம் சாம்பார். சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஒன்பது பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு 150 கிராம் என்று போட்டால் மிஞ்சாது. மதியம் மலையேறிவிட்டு வந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், பருப்பு கல்லாகவே இருக்கும். அங்கே குக்கர் இல்லாமல் போகாதீர்கள்.

எங்கள் படையின் செல்லப் பிள்ளை வைக்கோல் பெட்டி. ஒரு பெரிய அட்டைப்பெட்டி அல்லது கூடை. அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கடைக்கு மேல் வைக்கோலை அழுத்தித் திணித்து, நடுவில் பாத்திரம் சரியாக உட்காரும் குழி. அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு, மூடி போட்டு நன்றாக ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அப்படியே இறக்கிக் குழியில் வைத்து, மேலே வைக்கோல் அடைத்த தலையணை உறை ஒன்றைப் போட்டு அமுக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு முகாமிலேயே கடினமான பயிற்சி இந்தத் தொடாமல் இருப்பதுதான். திறந்தால் சோறு பொலபொலவென்று, அடிப்பிடிக்காமல் இருக்கும். வெப்பக் கடத்தல் பாடத்தை நான் கரும்பலகையில் எத்தனை தடவை நடத்தியிருந்தாலும், மூடியைத் திறந்து ஆவி முகத்தில் அடித்த அந்த ஒரு நொடியில்தான் பலருக்கும் விளங்கியது. அரை கிலோவுக்குக் குறைவாக வைத்தால் சூடு நிற்காது. சோற்றை மணிக்கணக்கில் அதற்குள்ளேயே விட்டுவைக்கவும் கூடாது.

தண்ணீர் எவ்வளவு? ஓடைத் தண்ணீர் குடிக்கலாமா?

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் மூன்று லிட்டர், கோடையில் நான்கு. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேலே மாடு நிற்கும். துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். பாட்டிலை வெட்டி மணலும் கரியும் போட்டுச் செய்யும் வடிகட்டி பிள்ளைகளுக்குப் பிடித்த செய்முறை. கலங்கலைத்தான் அது எடுக்கும், கிருமியைக் கொல்லாது. தேற்றான்கொட்டையைப் பானைக்குள் உரைப்பதும் அப்படித்தான். இரண்டையும் செய்து காட்டுங்கள், ஆனால் குடிப்பதற்குக் கொதிக்கவையுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பையில் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கேம்ப் ஃபயர் கட்டாயமா?

பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை மலையடிவாரத்தில் நான் மூட்டுவதே இல்லை. லாந்தர் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தாலும் கதை வரும். மற்ற மாதங்களில், அனுமதியிருந்தால், சருகைச் சுத்தமாகக் கூட்டிய வெறும் தரையில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு மூட்டலாம். அணைத்த பிறகு சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேல் பிடித்துப் பாருங்கள். சூடு இருந்தால் இன்னொரு வாளி.

எந்த வயதில் கத்தி கொடுக்கலாம்?

வீட்டில் அரிவாள்மனையில் காய் நறுக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம், தெரியாத பிள்ளைக்கு முதலில் அரிவாள்மனை. உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், உடம்புக்கு எதிர்த்திசையில் வெட்ட வேண்டும், கையை நீட்டிச் சுற்றினால் யார் மேலும் படக் கூடாது. கொடுக்கும்போது பிடி வாங்குகிறவர் பக்கம். மொண்ணைக் கத்தி கூர்மையானதைவிட ஆபத்து.

காம்பஸ் இல்லாமல் திசை கண்டுபிடிப்பது எப்படி? புத்தகத்தில் உள்ளபடி செய்தால் தப்பாக வருகிறதே?

தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, புத்தகத்தின் மேல்தான். "நண்பகலில் நிழல் வடக்கே விழும்" என்று எழுதியவர் இங்கிலாந்தில் நின்று எழுதினார். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் ஒரு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மறுபடியும் அப்படி. இரண்டுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். தெற்கே போகப் போக இந்த நாட்கள் இன்னும் விரியும். பள்ளி முகாம் நடப்பது மே மாதத்தில். புத்தகத்தை நம்பினால் தலைகீழாகத்தான் நடப்பீர்கள். கைக்கடிகார முள்ளை வைத்துத் திசை பார்க்கும் வித்தையும் இதே காரணத்தால் இங்கே கோடையில் கவிழ்ந்துவிடும்.

வருடம் முழுக்க வேலை செய்கிற வழி: சமதரையில் ஒரு குச்சி நடுங்கள். நிழல் நுனியில் ஒரு கல். இருபது நிமிடம் கழித்து நுனி நகர்ந்திருக்கும், அங்கே இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. நண்பகலையொட்டிச் செய்தால் நன்றாகவே பொருந்தும்.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடும் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அது நாம் நிற்கும் அட்சரேகை எத்தனை பாகையோ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. கையை முழுக்க நீட்டி முஷ்டி மடக்கினால் அது ஏறக்குறைய 10 பாகை. ஆக, வடக்கே தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி. ஒரு பனைமரம் நின்றாலே மறைத்துவிடும். அதனால் டிசம்பர் முதல் மார்ச் வரை ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை மூன்று நட்சத்திரங்களைச் சொல்லித்தருகிறேன். அவை ஏறக்குறைய நேர்கிழக்கே உதித்து நேர்மேற்கே மறையும். மே மாத முன்னிரவில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை தெரியும். குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத காட்சி அது.

ஊசிக் காம்பஸும் செய்யலாம். தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில் ஐம்பது தடவை தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பலிக்காது. அரசிலைத் துண்டு ஒன்றில் செருகிக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். கிண்ணம் எவர்சில்வராக இல்லாமல் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருந்தால் சந்தேகமில்லாமல் வேலை செய்யும். எந்த முனை வடக்கு என்பதைச் சூரிய உதயத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்து, மைப்பொட்டு வைத்துவிடுங்கள்.

மழையும் இடியும் வந்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. கூடாரம் மின்னலைத் தடுக்காது, தனிமரம் இன்னும் மோசம்.

இடம் தேர்வில் நான் பட்ட அடி ஒன்று. ஒரு மலையடிவாரத்தில், வழவழவென்று மணல் விரித்த அழகான சமதரை. மெத்தை மாதிரி இருக்கிறதே என்று நானே அங்கே கூடாரம் போடச் சொன்னேன். வானம் தெளிவாகத்தான் இருந்தது. மேலே எங்கோ பெய்திருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு பெண்பிள்ளை, "சார், என் செருப்பு மிதக்குது" என்றாள். அது காய்ந்த ஓடை. முழங்கால் அளவு வருவதற்குள் எல்லோரையும் மேட்டில் ஏற்றிவிட்டோம். இரண்டு பாத்திரம், ஒரு பை போனதோடு சரி. அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும், நான் யோசிக்கவில்லை.

தென்னைமரத்தின் அடியிலும் போடாதீர்கள். பாறையிலோ மரத்திலோ மலைத்தேன் கூடு தொங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம்.

அட்டை, உண்ணி?

வால்பாறை, மேகமலைப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை இல்லாமல் நடக்க முடியாது. அது பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. பிய்த்து இழுக்காமல் நகத்தை வாய்ப்பக்கம் நுழைத்துத் தள்ளிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், உறையவிடாத பொருளை அது உள்ளே செலுத்துவதால் அப்படி.

கவனிக்க வேண்டியது கண்ணுக்கே தெரியாத ஒரு வகை உண்ணி, புதர்ப்பூச்சி. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதனால் வருகிறது, தமிழ்நாட்டில் அரிதானதும் அல்ல. முகாம் முடிந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால், "புதரில் படுத்திருந்தான்" என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் சீக்கிரம் குணமாகிவிடும். பொருக்கு அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா? மாதவிடாய் நாட்களில்?

அனுப்புங்கள். கூட ஒரு பெண் ஆசிரியரோ சாரணியர் தலைவியோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகாமே இல்லை. மறைப்புள்ள கழிப்பிடம், சோப்பு, தண்ணீர், காகிதப் பை இவற்றை யாரும் கேட்காமலே தயாராக வைத்திருக்க வேண்டும். முதல் தடவை ஒரு பிள்ளை கேட்கக் கூச்சப்பட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து முகாம் விதிகளைச் சொல்லும் முதல் கூட்டத்திலேயே, பையன்களும் இருக்கும்போதே, கழிப்பிட ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நாப்கினைக் காட்டில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம், மூடிய டப்பாவில் ஊருக்குத் திரும்பிக் கொண்டுவர வேண்டும்.

கழிப்பறையே இல்லாத இடத்தில்?

ஓடை, கிணற்றிலிருந்து எழுபது எண்பது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி. முடிந்ததும் மண் மூடல்.

போன் கொண்டுவரலாமா?

அணித்தலைவர் ஒருவரிடம் மட்டும், அணைத்து வைத்து. மற்றவர்களுக்கு விசில். மூன்று ஊதல் என்றால் ஆபத்து. பூவரச இலையில் சுருட்டிய பீப்பீயும் செய்யச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அதை ஆபத்துக்கு நம்ப வேண்டாம்.

சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கலாமா?

குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியாது, கிழிக்கத் தெரியும். மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கூரையுள்ள அறையில் வையுங்கள்.

முகாம் முடிந்தபின் பொருட்களை எப்படிப் பாதுகாப்பது?

ஈரக் கூடாரத்தைச் சுருட்டிப் பையில் போட்டுப் பரணில் ஏற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நம் ஊர்ப் புழுக்கத்தில் நான்கைந்து நாளில் பூசணம் பூத்துவிடும், அந்த வாடை எத்தனை துவைத்தாலும் போகாது. வந்த அன்றே துணிக்கொடியில் விரித்துப் போடுங்கள். கடும் வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள், துணி நைந்துபோகும். மாடி நிழல் நல்லது. ஜிப்பின் பல்லில் ஏறிய மணலைப் பழைய டூத்பிரஷால் தட்டிவிடுங்கள். கயிறுகளை உலர்த்திச் சுருட்டி, முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள். பதினெட்டு முளை கொண்டுபோனால் பதினேழுதான் திரும்பும். அந்த ஒன்றைத் தேடிப் பிள்ளைகள் மைதானத்துக்கு மறுபடி ஓடுவார்கள், பெரும்பாலும் அது யாராவது ஒருவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும்.